முப்பந்தல் வழியே திரும்பும்போது காரின் முன்பக்கம் லேசாகிறது: அடிக் கவர் இல்லாததுதான் காரணமா?

பார்வதிபுரத்தான்:

வணக்கம். நாகர்கோவிலில் துணிக்கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுப்பதற்காக எனது ஹேட்ச்பேக் காரில் அடிக்கடி திருநெல்வேலி சென்று வருகிறேன். உயரமான ஒரு வேகத்தடையில் உரசியதில் எஞ்சினுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் கவர் கிழிந்துவிட்டது. பட்டறையில் அதை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அது சேறு படாமல் இருப்பதற்கு மட்டுமே என்றும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்றும் சொன்னார்கள். ஆனி பிறந்து காற்று தொடங்கியதிலிருந்து ஒரு குறை தெரிகிறது. ஊர் திரும்பும்போது காவல்கிணற்றைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஸ்டீயரிங் கனம் குறைந்து, முன்சக்கரங்கள் தரையைச் சரியாகப் பற்றாதது போல இருக்கிறது. காலையில் அதே சாலையில் அதே வேகத்தில் போகும்போது வண்டி நேராக ஓடுகிறது. டீசலும் முன்பைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. வீல் அலைன்மென்ட் சரியாக உள்ளது. கவர் இல்லாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வேளிமலை:

தொடர்பு உண்டு. ஆனால் கவர் மட்டுமே காரணம் அன்று. போகும்போது இல்லாத குறை வரும்போது இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கப்பட்டு, வேகம் கூடிக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. காற்றாலைகளை அங்கே நிறுவியதற்கும் அதுவே காரணம். சாலையின் திசையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காற்று முதுகுப்பக்கம் இருப்பதால் 80 கிலோமீட்டரில் ஓடும் உங்கள் வண்டியை 40 கிலோமீட்டர் வேகக் காற்றே எதிர்கொள்கிறது. மாலையில் அதுவே 120 ஆகிவிடுகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மூன்று மடங்கு வேகம் ஒன்பது மடங்கு விசையாகிறது. ஸ்பீடோமீட்டர் இரண்டு வேளையும் 80 என்றுதான் காட்டும்.

இனி அடிப்பகுதிக்கு வருவோம். பம்பரில் மோதும் காற்று இரண்டாகப் பிரிகிறது. வளைந்த பானெட்டுக்கும் கூரைக்கும் மேலே செல்லும் காற்று வேகம் கூடி அழுத்தம் குறைவதால் வண்டி மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. வண்டிக்கும் தரைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் காற்று தடையின்றி ஓடினால், அங்கும் வேகம் கூடி, அழுத்தம் குறைந்து, அந்தத் தூக்கலில் ஒரு பகுதி ஈடாகிறது. கவர் இல்லாதபோது காற்று எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் கைகள் என்று ஒவ்வொன்றிலும் மோதிச் சுழல்கிறது. ரேடியேட்டர் வழியாக நுழைந்த காற்றும் ஒழுங்கின்றிக் கீழே கொட்டி அதனுடன் கலக்கிறது. எனவே முன்பகுதிக்கு அடியில் அழுத்தம் குறைய வேண்டிய அளவு குறைவதில்லை. ஒரே காரணத்தால் தூக்கலும் கூடுகிறது, காற்றுத்தடையும் கூடுகிறது.

அளவையும் பார்த்துவிடலாம். வண்டியின் முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர், முன் அச்சின் தூக்கல் கெழு (வண்டியின் வடிவம் எவ்வளவு தூக்கலைத் தருகிறது என்று காட்டும் எண்) 0.1 என்று கொண்டால், எதிர்க்காற்று 120 கிலோமீட்டராக இருக்கும்போது முன் அச்சில் சுமார் 14 கிலோ எடை குறையும். காலையில் குறைவது ஒன்றரை கிலோ அளவுதான். காற்றுத்தடைக்கான அதே போன்ற எண்ணான தடைக் கெழு 0.33 என்றால், காற்றே இல்லாத நாளில் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடையை வெல்ல ஏறத்தாழ 4.6 கிலோவாட் போதும். அந்த எதிர்க்காற்றில் 10.3 கிலோவாட் தேவை. டீசல் செலவின் பெரும்பகுதி இதில்தான் போகிறது. கவரின் பங்கு அதைவிடச் சிறியது.

ஆனாலும் 14 கிலோ மட்டும் குறைந்து ஸ்டீயரிங் இவ்வளவு மாறிவிடாது. திரும்பும்போது பின்னால் சரக்கு எவ்வளவு இருக்கிறது?

பார்வதிபுரத்தான்:

மிக்க நன்றி ஐயா. டிக்கி நிறையத் துணி மூட்டைகள் இருக்கும். எப்படியும் 100 கிலோவுக்குக் குறையாது. காலையில் வண்டி காலியாகத்தான் போகும். முன் ஸ்பிரிங்கைச் சற்று வெட்டி வண்டியைத் தாழ்த்திவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியான வழியா?

தக்கலைப் பட்டறை:

ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம் அண்ணாச்சி. வெட்டிய ஸ்பிரிங் அதைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக அமராது, நம் ஊர் வேகத்தடைகளில் எஞ்சின் சம்ப்பே (அடியிலுள்ள ஆயில் தொட்டி) உடைந்துவிடும். முதலில் மூட்டைகளைப் பின் இருக்கையை மடக்கி, பின் அச்சுக்கு முன்னால் வருமாறு அடுக்கி, அசையாமல் கட்டுங்கள். அச்சுகளுக்கு இடையே 250 சென்டிமீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு அப்பால் 50 சென்டிமீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால், முன் அச்சில் 20 கிலோ குறையும். காற்று குறைப்பதைவிட இது அதிகம். அதோடு பின்புறம் தாழ்ந்து மூக்கு நிமிர்வதால் காற்று அடியில் புகுந்து அழுத்தம் கூடி, தூக்கல் இன்னும் வளரும்.

கவரைக் கட்டாயம் மாட்டுங்கள். ஆனால் உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். தகரத்தை வெட்டி அடைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் சூடான காற்று வெளியேறவும் தண்ணீர் வடியவும் வழி இருக்காது. ஆயில் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர்), டை ராடு முனை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), டயர் அழுத்தம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரக்கு ஏற்றும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும்.

வேளிமலை:

வண்டியைத் தாழ்த்தும் யோசனை பந்தயக் கார்களைப் பார்த்து வந்தது. 1978 இல் லோட்டஸ் 79 காரின் இருபுற அடிப்பகுதியையும் தலைகீழான இறக்கை வடிவில் அமைத்து, ஓரங்களைத் தரையைத் தொடும் பாவாடைகளால் (பக்கத் தடுப்புகளால்) அடைத்தார்கள். அடியில் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, கார் தரையோடு அழுந்தி வளைவுகளில் பாய்ந்தது. அந்த ஆண்டு ஃபார்முலா 1 பட்டத்தையும் வென்றது. ஓரம் ஒருகணம் திறந்தாலும் தரையோடு அழுத்தும் அந்த விசை போய்விடும் என்ற ஆபத்து அதில் இருந்தது. 1983 முதல் தட்டையான அடிப்பகுதியையே விதியாக்கினார்கள். மேடுபள்ளத்துக்கு இடம் விட்டு ஓடும் நம் வண்டியில் ஓரத்தை அடைக்கவே முடியாது. எனவே இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்துவதால் கிடைக்கும் பயன் மிகச் சிறியது. சஸ்பென்ஷனுக்கு வரும் கேடு பெரியது.

பார்வதிபுரத்தான்:

அண்ணாச்சி சொன்னபடி புதிய கவரை மாட்டி, மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கிச் சென்று வந்தேன். வலது லோயர் ஆர்ம் புஷ்ஷும் தேய்ந்திருந்ததால் மாற்றிவிட்டேன். முப்பந்தலில் ஸ்டீயரிங் இப்போது பிடிப்பாக இருக்கிறது. பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையில் மட்டும் வண்டி அவ்வப்போது இடப்பக்கம் தள்ளப்படுகிறது.

வேளிமலை:

அங்கே சாலை தெற்கு நோக்கிச் செல்வதால் மேற்குக் காற்று வலப்பக்கமாக மோதுகிறது. எந்தக் கவரும் அதைத் தடுக்காது. காற்று சாய்வாக வரும்போது தூக்கலும் ஓரளவு கூடும் என்பதால், ஆடி முடியும்வரை அந்தப் பகுதியில் 60க்கு மேல் போகாதீர்கள். லாரியைக் கடக்கும்போது அதன் மறைவிலிருந்து வெளியே வரும் இடத்தில் காற்று திடீரென்று அறையும். அங்கே இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

தக்கலைப் பட்டறை:

இன்னொன்று: கவரின் முன்விளிம்பு பம்பரின் கீழ்விளிம்புக்கு உட்புறமாகச் சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வெளியே தொங்கினால் காற்றை அள்ளி, கிளிப்புகளைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.