மறு: மிடில்வேர் – 'மதகு' வேண்டாம், 'உறை' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில், மிடில்வேருக்கு (வலைச் செயலிக்கு வரும் கோரிக்கையை வழியிலேயே பார்க்கும் நிரல் துண்டு) 'மதகு' என்று போன மாதம் முன்மொழிந்தது நான்தான். மூன்று பேர் உடனே நன்றாயிருக்கிறது என்றீர்கள். திருவாரூர் அக்கா சொற்பட்டியலில் ஏற்றியும் விட்டார். மன்னிக்கவும் அக்கா, அதை எடுத்துவிடுங்கள். சொன்னவனே திரும்பப் பெறுகிறேன். காரணம் என் பெரியப்பா.

அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே காலம் போனது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பிலும் சில வருடம் இருந்திருக்கிறார். (கணினிக்காரர்களுக்குத் தலைப்பு என்றால் ஹெடர். எங்கள் பக்கம் தலைப்பு என்றால் ஆறு பிரியும் இடம். ரவுட்டருக்காக ஒரு நாள் இந்தச் சொல்லைக் கேட்டு வருவேன், இப்போது வேண்டாம்.) போன ஞாயிறு ஊருக்குப் போனவன், எங்கள் குழுவில் ஒரு விஷயத்துக்கு மதகு என்று பேர் வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எதுக்குடா வச்சீங்க?"

"வெளியேருந்து ஒரு கோரிக்கை வரும் பெரியப்பா. உள்ளே போற வழியில இது உட்கார்ந்து, யார் அனுப்பினாங்க, என்ன அனுப்பினாங்கன்னு பார்க்கும். விட வேண்டியதை விடும், தடுக்க வேண்டியதைத் தடுக்கும்."

"சரி, மதகுதான். அப்புறம்?"

"உள்ளே வேலை முடிஞ்சதும் பதில் அதே வழியா திரும்பி வரும். வர்றப்பவும் இது ஏதாவது சேர்க்கும், மாத்தும்."

"மதகு வழியா போன தண்ணி திரும்பி வருமா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வயல்ல மிஞ்சின தண்ணி வடிகால்ல போவும். அது வேற வழி. கடல் தண்ணி எதுத்து ஏறக் கூடாதுன்னுதான் ஓரத்துல ரெகுலேட்டரே கட்டியிருக்கான். போன வழியாவே திரும்பி வருதுன்னா அது மதகு இல்லடா."

பெரியப்பா பிடித்தது உவமையில் இருந்த ஓட்டையை. ஆனால் ஓட்டை என் புரிதலிலும் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நாம் எடுத்துக்கொண்டது க்ளோஜர் என்கிற நிரல்மொழி. அதில் வலைச் செயலி எழுத அடித்தளமாக இருப்பது 2009இல் வந்த ரிங் நூலகம். பைத்தான் மொழியில் இதே வேலைக்கு உள்ள டபிள்யூஎஸ்ஜிஐ, ரூபி மொழியில் உள்ள ரேக் இரண்டையும் பார்த்துச் செய்தது. அதன் கணக்கு மிக எளிது. கோரிக்கை என்பது ஒரு மேப், அதாவது பெயரும் மதிப்புமாக அடுக்கிய பட்டியல்: எந்த முகவரி, கெட்டா (கேட்பது) போஸ்டா (அனுப்புவது), என்ன ஹெடர்கள் (கூடவே வரும் குறிப்புகள்), அவ்வளவுதான். பதிலும் ஒரு மேப்: நிலை எண், ஹெடர்கள், உடல். முதல் மேப்பை வாங்கி இரண்டாவதைக் கொடுக்கிற சார்புதான் கையாளி. (சார்பு என்பது பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துச் சொல். ஃபங்ஷனுக்கு அதையே வைத்துக்கொள்கிறேன்.) இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், சர்வரை ஓடவிடாமலே ரெப்பிலில் (ஒரு வரி எழுதினால் உடனே விடை காட்டும் திரை) ஒரு மேப்பைக் கையால் எழுதிச் சார்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பதில் கண்ணெதிரே வந்து விழும்.

இப்போது மிடில்வேர். ரிங்கில் அது ஒரு கையாளியை வாங்கி, இன்னொரு கையாளியைத் திருப்பித் தரும் சார்பு. பழைய கையாளியைப் புதியது தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும். கோரிக்கை வந்தால் அதைத் தொட்டுப் பார்த்து உள்ளே கொடுக்கும். உள்ளிருந்து வந்த பதிலைத் தொட்டுப் பார்த்து வெளியே கொடுக்கும். நேரம் அளக்கும் மிடில்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடும்போது மணி பார்க்கிறது, பதில் வந்ததும் மறுபடி பார்த்துக் கழிக்கிறது. இரண்டு முனையும் ஒரே சார்பின் கையில் இருப்பதால்தான் அது முடிகிறது. பேர்களைப் பாருங்கள்: ராப்-பாரம்ஸ், ராப்-செஷன், ராப்-குக்கீஸ், ராப்-ரீலோட். எழுதியவர்களே 'சுற்றிப் போர்த்து' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 'நடுவில் நில்' என்று ஒரு பேரிலும் இல்லை.

அதனால்தான் பழைய 'இடைமென்பொருள்' எனக்கு ஒட்டவில்லை. அந்தச் சொல்லைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மென்பொருள் பொறியியல் மாநாட்டின் அறிக்கையிலேயே மிடில்வேர் வந்துவிட்டது. அங்கே அதன் பொருள், அடியில் உள்ள கணினி அமைப்புக்கும் மேலே உள்ள பயன்பாட்டுக்கும் நடுவே இருக்கும் மென்பொருள். அதற்கு 'இடை' பொருத்தம்தான். வலைக்காரர்கள் அதே பேரை வேறு சரக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழிலும் நாம் அதே தவறைச் செய்ய வேண்டுமா? போதாக்குறைக்கு இடைமுகம், இடையகம் என்று அந்த முன்னொட்டில் ஏற்கெனவே கூட்டம்.

மதகை முழுக்கத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எலிக்ஸிர் என்கிற இன்னொரு நிரல்மொழியில் பிளக் என்று ஒன்று உண்டு, ஃபீனிக்ஸ் என்கிற வலைச் சட்டகம் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் கோரிக்கையையும் பதிலையும் சேர்த்துச் சுமக்கும் கான் என்கிற ஒரே மதிப்பு பைப்லைன் வழியாக மேலிருந்து கீழே வரிசையாகப் போகும். ஒவ்வொரு பிளக்கும் வாங்கி, மாற்றி, அடுத்ததற்கு விடும். நடுவில் ஒன்று 'ஹால்ட்' போட்டால் அதற்குக் கீழே உள்ளவற்றுக்குத் தண்ணீர் கிடையாது. கடைமடை காய வேண்டியதுதான். பதில் போகும் நேரத்தில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பதிந்துவைக்க வேண்டும். இது அசல் மதகு. பைப்லைனை வாய்க்கால் என்றே எழுதிவிடலாம். அக்கா, மதகைப் பிளக்குக்கு நேரே மாற்றிவிட முடியுமா?

ரிங்குக்கு என்ன வைப்பது? ஸ்ரீரங்கத்து நண்பர் 'சுற்று' என்றார். ஏழு பிராகாரங்களைத் தாண்டி உள்ளே போய், அதே வழியாக வெளியே வருவது போல. அமைப்பு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் மின்சுற்று, முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மாயவரத்து ஐயா சொன்ன 'போர்வை' பேச நன்றாக இருக்கிறது, பன்மையில் சிரிப்பு வருகிறது.

எனக்குச் சொல் கிடைத்தது மதகுப் பேச்சு நடந்த அதே சாயங்காலம், கொல்லைக் கிணற்றில். எங்கள் வீட்டுக் கிணறு உறைக்கிணறு. சிமெண்டு உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கியிருக்கும். மேலேயிருந்து மூன்றாவது உறை எப்போதோ ஒரு பக்கம் விரல்கடை அளவு விலகிவிட்டது. வாளி இறங்கும்போது அதில் 'டங்' என்று இடிக்கும். நிரம்பி ஏறும்போதும் அதே இடத்தில் இடித்து ஒரு வாய்த் தண்ணீரைச் சிந்தும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். அன்றைக்கு மட்டும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். இறங்கும்போது ஒரு தரம், ஏறும்போது ஒரு தரம், ஒரே உறை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். உறை இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் இறக்கியது அடியில் போய்விடும், கடைசியில் வைத்தது கிணற்று வாயில் நிற்கும். வாளி முதலில் சந்திப்பது கடைசியாக வைத்த உறையை. க்ளோஜரில் அம்புக்குறி மேக்ரோவில் (ஒன்றன் விடையை அடுத்ததற்குக் கொடுத்துக்கொண்டே போகும் எழுத்துமுறை) கையாளியை மேலே எழுதி, கீழே வரிசையாக மிடில்வேர்களை அடுக்கும்போது நடப்பதும் அச்சு அசல் இதுதான். கடைசி வரியில் உள்ளது வெளி உறை. கோரிக்கை அதைத்தான் முதலில் தொடும்.

இது தெரியாமல் நான் பட்டது ஒரு கதை. மன்னார்குடியில் நண்பர் ஒருவரின் விதைக்கடைக்கு, குறுவை நேரத்தில், ஆர்டர் எடுக்கும் சின்னப் பக்கம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆடுதுறை 36 என்று ரகம் போட்டு, எத்தனை மூட்டை என்று நிரப்பி அனுப்பினால், மூட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக வருகிறது. எந்த ரகம் போட்டாலும் காலி. நான் மேலிருந்து கீழே ஓடும் என்று நினைத்து, ராப்-பாரம்ஸை முதலிலும் ராப்-கீவேர்ட்-பாரம்ஸை அதன் கீழேயும் எழுதியிருந்தேன். முதலாவது படிவத்தைப் பிரித்துச் சரப் (ஸ்ட்ரிங்) பெயர்களோடு மேப்பாக்கும்; இரண்டாவது அந்தப் பெயர்களைக் கீவேர்ட் (க்ளோஜரில் பெயர்களுக்கென்றே உள்ள தனி வகை) ஆக்கும். கீழே எழுதியது வெளியே நின்றதால் முதலில் ஓடி, மாற்ற ஒன்றுமில்லாமல் கையை விரித்துவிட்டது. அப்புறம்தான் மற்றது பிரித்தது. கையாளி கீவேர்டைத் தேடி ஏமாந்தது. இரண்டு வரியை இடம் மாற்றினால் முடிந்திருக்கும். ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. 'உறை' என்ற சொல் அன்றைக்கு என் தலையில் இருந்திருந்தால் வரிசையைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். (இப்போது பெரும்பாலோர் ராப்-டிஃபால்ட்ஸைப் போட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது உறைகளைச் சரியான வரிசையில் அடுக்கியே கொடுத்துவிடுகிறது.)

ஆகவே முன்மொழிவு: ரிங் மிடில்வேர் = உறை. மயக்கம் வரும் இடத்தில் உறைச்சார்பு. ராப் செய்வதற்கு 'உறையிடு'. வெளியே இருப்பது வெளியுறை, கையாளியை ஒட்டி இருப்பது உள்ளுறை. நூலகத்தின் பேரே ரிங், கிணற்று உறையும் வளையம்தான் என்பதைக் கூடுதல் மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். வாதமாக அதை வைக்க மாட்டேன்.

சென்ற மடல்களில் வந்த இரண்டுக்குப் பதில்:

> உறை என்றால் உறைந்துபோவது என்று படிக்க மாட்டார்களா?

தலையணை உறையை யாரும் அப்படிப் படிப்பதில்லை. பாலுக்கு உறை ஊற்றுவதையும் இதையும் நம் வீட்டில் குழப்பிக்கொள்வதில்லை. ஃப்ரீஸுக்குச் சொல் தேவைப்படும்போது 'உறையவை' என்று வினையாகவே வரும், அப்போது பார்த்துக்கொள்வோம்.

> நகரத்துப் பையன்கள் உறைக்கிணறு பார்த்திருக்கவே மாட்டார்களே?

உண்மை. கடித உறை பார்த்திருப்பார்கள். 'போர்த்துவது' என்ற பொருள் அதிலேயே கிடைத்துவிடும். அடுக்கு வரிசை மட்டும் கிணறு பார்த்தவர்களுக்கு இலவசம்.

புதுச் சொல்லைப் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ளே வரக்கூடாத ஆளை அது பாதியிலேயே திருப்பி அனுப்பும்னியே, எந்தக் கிணத்து உறைடா வாளியைப் பாதியில திருப்பி அனுப்புது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் புதன்கிழமைக்குள் எழுதுங்கள். 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டால் அவர் கல்லணைக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பிவிடுவார், அப்புறம் போனை எடுக்க மாட்டார்.