புதுப்பிப்பு: மாமல்லபுரத்தில் கையைக் கடிக்காத குடும்பச் சாப்பாடு

மாமல்லபுரத்தில் குடும்பத்தோடு மலிவாக எங்கே சாப்பிடலாம் என்ற முந்தைய இழையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்தவாடைத் தெரு வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடப்பது, விலையும் அப்படித்தான். சைவச் சாப்பாட்டுக்குப் பேருந்து நிலையப் பக்கம் பாருங்கள். ஐந்து ரதம் முடித்து மூன்று மணிக்கு மேல் வந்தால் பெரும்பாலும் சாப்பாடு தீர்ந்திருக்கும். அளவில்லாச் சாப்பாட்டை ஓர் இலையில் இருவர் பகிர விடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தயிர்சாதமோ இட்லியோ தனியாகச் சொல்வதே லாபம்.

பில் எகிறுவது மீனில்தான். தட்டில் காட்டும் மீனுக்கு எடைக்கணக்கில் விலை வைப்பார்கள். அடுப்பில் ஏறும் முன்பே கிலோ விலை என்ன, எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா, பொரிக்கும் கூலி தனியா என்று கேட்டுவிடுங்கள். செதில், குடல், தலை போனால் எடை நன்றாகவே இறங்கும். சேவைக் கட்டணம் கட்டாயமில்லை. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம்.