வீட்டுக் கட்டுரையில் ஏஐ: மதிப்பெண் விதியை எப்படி எழுதுவது?

கேள்வி: வீட்டுக் கட்டுரைக்கு 20 மதிப்பெண். சாட்ஜிபிடி எழுதியதா என்பதை ஏஐ கண்டறியும் மென்பொருளை வைத்தே முடிவு செய்யலாமா?

பதில் 1: கூடாது. அது சொல்வது ஊகம்தான், சான்று அல்ல. எளிய வாக்கியங்களில் எழுதும் பிள்ளைகூட மாட்டிக்கொள்ளும். துல்லியம் போதாது என்று, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியையே 2023-ல் நிறுத்திவிட்டது.

பதில் 2: மதிப்பெண்ணைப் பிரித்துவிடுங்கள். வகுப்பிலேயே கையால் எழுதும் முதல் வரைவுக்கு 8, இறுதி வடிவத்துக்கு 5, எழுதியதைப் பற்றிய வாய்மொழிக் கேள்விக்கு 7. ஆளுக்கு 5 நிமிடம் கொடுத்தால் 40 பேருக்கு 200 நிமிடம், கட்டுப்படியாகாது. 2 நிமிடம், ஒரே கேள்வி போதும்: "இந்தப் பத்திக்கு எதிர்வாதம் என்ன?" சொந்தமாக எழுதாதவர் பெரும்பாலும் இங்கேதான் திணறுவார்.

பதில் 3: "ஏஐ கூடாது" என்று மொட்டையாக எழுதாதீர்கள், எழுத்துப்பிழை திருத்தும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றமாகிவிடும். எதுவரை அனுமதி என்பதை ஒவ்வொரு பணித்தாளிலும் குறிப்பிடுங்கள்.