ஆடுபுலி ஆட்டத்தைப் போன் கேமா முடிக்கிறப்போ எங்க மாட்டுது? அனுபவம் சொல்லுங்க

குடமுருட்டி:
கோடோ 4 (Godot, கேம் செய்யற மென்பொருள்), போன் கேம், 3 புலி 15 ஆடு. பலகை வரைஞ்சு காய் எல்லாம் நகர ஆரம்பிச்சாச்சு. முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. பாபநாசத்துல ஒரு திண்ணையில பெரியவர் ஒருத்தர் கையில போனைக் குடுத்தா, நாலாவது ஆட்டத்துல நுனியில இருந்த புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி முழங்கை மாதிரி மடங்கிப் போய் ஓரப் புள்ளியில உக்காந்துடுச்சு. ஆட்டையும் வெட்டிடுச்சு. "புலி நேராத்தான் தாவும், இது என்ன பாம்பா?"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டார்.

காரணம் இதுதான். "பக்கத்துப் புள்ளியில ஆடு, அதுக்குப் பக்கத்துப் புள்ளி காலி, அப்போ தாவலாம்"னு எழுதியிருந்துச்சு. யாரு யாருக்குப் பக்கம்னு பலகைக்குத் தெரியுது, எது நேர்கோடுன்னு தெரியலை. பக்கங்களைத் தனியா எழுதி வைக்கிறதை விட்டுட்டு கோடுகளை எழுதி வைங்க.

23 புள்ளிக்கும் எண் போடுங்க. நுனி 0. முதல் கிடைக்கோடு 1 முதல் 6, அடுத்தது 7 முதல் 12, அதுக்கடுத்தது 13 முதல் 18, அடிக்கோடு 19 முதல் 22. கிடைக்கோடு நாலு ஆச்சா? சாய்கோடு நாலு: 0-2-8-14-19, 0-3-9-15-20, 0-4-10-16-21, 0-5-11-17-22. பக்கக்கோடு ரெண்டு: 1-7-13, 6-12-18. மொத்தம் 10 கோடு, அவ்வளவுதான் கையால எழுத வேண்டியது. ஒவ்வொரு கோட்டுலயும் அடுத்தடுத்த ரெண்டு புள்ளியை எடுத்தா நகர்வு, அடுத்தடுத்த மூணை எடுத்தா தாவல். மிச்சத்தை லூப் பார்த்துக்கும். புலி தொடங்குற இடம் 0, 3, 4.

வெண்ணாறு:
நகர்வுக்கு 38 இணைப்பு, தாவலுக்கு 28 மூணு-மூணு தொகுப்பு, போக வர 56. ஓட்டினவுடனே இந்த எண்ணிக்கையை பிரிண்ட் பண்ணிப் பாருங்க, குறைஞ்சா எங்கேயோ கோடு விட்டுப்போச்சு.

ஆனா மாட்டுற இடம் தாவல் மட்டும் இல்லை. ஆடு பக்கம் ஜெயிச்சதா அறிவிக்கிற இடம்தான் மோசம். புலிக்குப் பக்கத்துப் புள்ளி எல்லாம் அடைஞ்சாச்சான்னு மட்டும் பார்த்தா, 1-ல நிக்கிற புலியை 2, 7 ரெண்டுலயும் ஆடு வச்சதும் "அடைபட்டது"ன்னு சொல்லிடும். 3 காலியா இருந்தா அது 2-ஐத் தாண்டிப் போயிடுமே! அந்த மூலையில புலியை அடைக்க 2, 7, 3, 13 நாலும் நிறைஞ்சிருக்கணும். நுனியில நின்னா எட்டு இடம். நகர்வும் இல்லை, தாவலும் இல்லைன்னா மட்டும்தான் அடைப்பு. அதுவும் மூணு புலிக்கும்.

இன்னொண்ணு: 15 ஆட்டையும் இறக்குற வரை ஆடு நகரக்கூடாது, ஆனா புலி வெட்டலாம். இறக்கின எண்ணிக்கைக்கு ஒரு மாறி, வெட்டுப்பட்ட எண்ணிக்கைக்கு வேற மாறி. பலகையில இருக்குற ஆட்டை எண்ணி "15 ஆகலை, இன்னும் இறக்கலாம்"னு விட்டா செத்த ஆடு திரும்பத் திரும்ப முளைக்கும்.

அரசலாறு:
விதி எல்லாம் சரியா இருந்தும் கேவலப்பட்ட கதை ஒண்ணு. கும்பகோணத்துல காட்டினது, யூனிட்டியில (கோடோ மாதிரி இன்னொரு கேம் மென்பொருள்) செஞ்சது. ஆட்டம் முடிஞ்சு பெருசா "வெற்றி"ன்னு வரணும். கொம்பு வ-வைத் தாண்டிப் போய் ற-வுக்கு முன்னாடி நின்னுச்சு. அதைப் படிச்சுப் பார்த்து சிரிக்காத ஆள் இல்லை.

ஃபான்ட்டை மாத்தி மாத்திப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. மெஷின் நினைவகத்துல ெ மெய்க்குப் பின்னாடிதான் இருக்கு, திரையில முன்னாடி கொண்டுவர்றது ஷேப்பிங் (எழுத்துகளைச் சரியா அடுக்கி வரையறது) வேலை. யூனிட்டியோட எழுத்துக் கருவி டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைச் செய்யாது. கோடோ 3-ம் செய்யாது, கோடோ 4-ல அதைச் செய்யற ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கு. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் போட்டாப் போதும். யூனிட்டியை விட முடியாதுன்னா, சொல் கம்மியா இருக்குற கேமுக்குத் தலைப்பு, பொத்தான் எழுத்தை எல்லாம் படமா வச்சுடுங்க.

எழுத்து ஒவ்வொண்ணா வர்ற மாதிரி செய்யறவங்க கவனிங்க: "தமிழ்" நமக்கு 3 எழுத்து, மெஷினுக்கு 5. பாதியில நின்னா புள்ளி இல்லாத ழ வந்து நிக்கும். கோடோ லேபிள்ல விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியரை ஷேப்பிங்குக்கு அப்புறம் எண்ணுற மாதிரி மாத்துங்க.

வீரசோழன்:
டெல்டாவுல இருந்துக்கிட்டு டெல்டாவை மறந்தா எப்படி? காய் நகர்ற வேகத்தை ஃப்ரேமுக்கு இத்தனை பிக்சல்னு எழுதினா, 60 ஹெர்ட்ஸ் போன்ல நடக்குற ஆடு 120 ஹெர்ட்ஸ்ல ரெண்டு மடங்கு ஓடும். டெல்டாவால (முந்தின ஃப்ரேமுல இருந்து ஆன நேரம்) பெருக்குங்க. ஆனா கோடோவோட நகர்த்துற ஃபங்ஷன் மூவ் அண்ட் ஸ்லைடுல திசைவேகத்தைப் பெருக்கக்கூடாது, அது உள்ளேயே பண்ணிக்குது, நாமும் பண்ணினா காய் ஊரும். பலகை ஆட்டத்துக்கு இது எதுவும் வேண்டாம், ட்வீன்ல (காயை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு வழுக்கி நகர்த்துற கருவி) 0.25 நொடி குடுத்தா வேலை முடிஞ்சுது. ட்வீன் ஓடுறப்போ தொடுதலைப் பூட்டுங்க. பூட்டலைன்னா ரெண்டு தடவை தட்டுறவருக்கு ரெண்டு ஆடு.

வெண்ணாறு அண்ணே, எத்தனை ஆடு வெட்டினா புலி ஜெயிக்கும்னு சொல்லாம விட்டுட்டீங்க. ஊருக்கு ஊர் சண்டை அதுலதான். செட்டிங்ஸ்ல விட்டுடுறது நல்லது.

கடைமடை:
யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். மேட்டூர் திறந்தாச்சுன்னு சந்தோஷப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சான்னு பார்க்கணும். உங்க போன்ல ஓடுறது மேட்டூர் திறந்த கணக்குதான். கடைமடைன்னா வீட்டுல கிடக்குற 2 ஜிபி ராம் பழைய போன். வல்கன்ங்கிற கிராஃபிக்ஸ் வசதி இல்லாத போன்ல சிக்கல் வரும், ப்ராஜெக்ட் தொடங்குறப்பவே ரெண்டரரை (திரையில வரையற பகுதி) கம்பாட்டிபிலிட்டின்னு வைங்க. 2டி பலகைக்கு அதுக்கு மேல தேவை இல்லை.

அடுத்தது விரல். நுனிக்குக் கிட்ட 2, 3, 4, 5 நெருங்கி இருக்கும். புள்ளிக்கு ஒரு பொத்தான் வச்சா 3-ஐத் தொட 4 எடுக்கும். பொத்தானே வேண்டாம். தொட்ட இடத்துக்கு எந்தப் புள்ளி கிட்டன்னு தூரம் பார்த்து எடுங்க, அதுலயும் விதிப்படி போகக்கூடிய புள்ளிகளை மட்டும் கணக்குல சேருங்க. பலகை பாறையில கீறின மாதிரியே இருக்கணும்னு அவசியம் இல்லை, மேல் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வரைஞ்சா இடைவெளி கிடைச்சுடும்.

வெளியிடுறதுல எல்லாரும் நினைக்காத இடத்துல நாள் போகும். கூகுள் ப்ளேயில ஏற்ற உதவுற ப்ளே கன்சோலுக்கு 25 டாலர், ஒரே தடவை. 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் திறந்த தனிநபர் கணக்கா இருந்தா, குளோஸ்டு டெஸ்டிங்ல (நாம சேர்த்தவங்க மட்டும் ஆடிப் பார்க்குற சோதனை) 12 பேர் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்கணும், அப்புறம்தான் எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். முதல்ல 20 பேரா இருந்துச்சு, 2024 டிசம்பர்ல குறைச்சாங்க. நடுவுல யாராவது விலகிடுவாங்க, அதனால 12 பேரோட நிறுத்தாம 16, 17 பேரைச் சேருங்க. கேம் முழுசா முடியட்டும்னு காத்திருக்காதீங்க. விதி சரியா ஓடுற அன்னைக்கே டெஸ்டிங்ல போட்டா, சத்தம், படம் எல்லாம் மெருகேத்துறப்போ அந்த 14 நாள் தானா ஓடிடும்.

ப்ளேயில ஏற்றுறது ஏஏபி கோப்பு, போன்ல நேரா நிறுவுற ஏபிகே இல்லை. சோதனைக்கு மட்டும் உள்ள டீபக் சாவியில கையெழுத்துப் போட்டதை வாங்கமாட்டாங்க, ரிலீஸ் கீஸ்டோர் (கையெழுத்துச் சாவி இருக்குற கோப்பு) தனியா உருவாக்கணும். அந்தக் கோப்பும் கடவுச்சொல்லும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள வேண்டாம், நிரல் மாற்றங்களைச் சேமிக்கிற கிட்ல (Git) தெரியாம ஏறிடும். பென்டிரைவ்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு. ஒவ்வொரு தடவை ஏற்றுறப்பவும் வெர்ஷன் எண் (version code) கூடணும், மறந்தா நிராகரிப்பு.

இத்தனை நாள் பொறுக்காதுன்னா இட்ச்.ஐஓ-ங்கிற கேம் தளத்துல காசு இல்லாம பிரவுசர் பதிப்பா போடலாம். கோடோ 4.3 முதல் த்ரெட் (ஒரே நேரத்துல பல வேலையை ஓட்டுறது) இல்லாம வெப் எக்ஸ்போர்ட் வருது, அதையே எடுங்க. முதன்மைக் கோப்பு பேர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்னு இருக்கணும், எல்லாத்தையும் ஜிப் பண்ணி ஏற்றணும். ஆன்லைன்ல ரெண்டு பேர் ஆடுறது, கம்ப்யூட்டர் புலி, காய், பலகையோட தோற்றத்தை மாத்துறது இதெல்லாம் முதல் பதிப்புல கைவைக்காதீங்க. ஒரே போனை மாத்தி மாத்தி வாங்கி ஆடினாப் போதும். திண்ணையில அப்படித்தானே ஆடுறாங்க.

குடமுருட்டி:
வெண்ணாறு சொன்ன மாதிரி எண்ணிக்கையை பிரிண்ட் பண்ணினேன். தாவல் 54, இணைப்பு 36-ன்னு வந்துச்சு. 6-12-18 கோட்டைத் தட்டச்சு பண்ணவே இல்லை. இப்போ 56, 38.