மோர்ஸின் கடைசி எபிசோட்: ஒரு வரிக்குத் தமிழ் வேண்டும்

(கதையின் முடிவு இதில் இருக்கிறது.)

'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரின் கடைசி எபிசோடுக்கு (2000) தமிழ் சப்டைட்டில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் உதவி தேவை. பிணவறையில் உதவியாளர் லூயிஸ் குனிந்து, இறந்துபோன மோர்ஸின் நெற்றியில் முத்தமிட்டு, 'குட்பை, சார்' என்று இரண்டே சொல்லில் விடைபெறுகிறார். கடைசிச் சொல் 'சார்'. இத்தனை வருடப் பழக்கமும் பாசமும் அந்த ஒரு மரியாதைச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. அதனால் அதைத் தொடக்கூடாது.

சிக்கல் முதல் சொல்லில். 'போய் வாருங்கள்' என்றால் திரும்பி வரச் சொன்னதாகிவிடும். 'விடைபெறுகிறேன்' மேடைப் பேச்சு. 'வரேன் சார்' என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் இறந்தவரிடம் 'வரேன்' சொல்லலாமா? துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? வரி ஒன்று, இரண்டு மூன்று சொல், திரையில் இரண்டு விநாடி. அதற்கு மேல் நின்றால் அந்த மௌனம் கெட்டுவிடும்.

சரிபார்க்க முன்வருபவர்களுக்கு: விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோ பிரதிக்கு நேரம் குறித்திருக்கிறது. 23.976 பிரதியில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் விலகும். எல்லா வரிகளையும் ஒரே அளவு முன்பின் நகர்த்தினால் சரியாகாது, ஃபிரேம் வேகத்தையே மாற்ற வேண்டும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையிலேயே சேமியுங்கள், இல்லையென்றால் எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். 'போய்' இரண்டெழுத்துதான், மென்பொருள் நான்காக எண்ணும். வரி நீளம் என்று வரும் எச்சரிக்கையைப் பார்த்து நல்ல வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள்.