ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் பார்த்தவை: வெளிமான், ஏரி, கொஞ்சம் குரங்கு

ஆராய்ச்சி மாணவர்:

சர்தார் படேல் சாலை வாசலில் இறங்கி உள்ளே ஓடும் பஸ்ஸில் ஏறினால், கஜேந்திரா சர்க்கிள் வருவதற்குள் புள்ளிமான் கண்ணில் பட்டுவிடும். எல்லாரும் போனை எடுப்பதும் அதற்குத்தான். எனக்கென்னவோ இங்கே பார்க்க வேண்டியது வெளிமான்தான், இங்கிலீஷில் பிளாக்பக் என்பார்களே, அது. 1959ல் கிண்டிக் காட்டில் ஒரு பகுதியை எடுத்துத்தான் இந்த வளாகம் வந்தது. மிச்சக் காடு 1978ல் தேசியப் பூங்கா ஆனது. நடுவில் இருப்பது ஒரு சுவர்.

ஒரு ஏப்ரல் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், திடல் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். கன்னங்கரேலென்று ஒரு கிடா, வயிறு மட்டும் வெள்ளை, முறுக்கிய கொம்பு. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. தலையைத் தாழ்த்தி, காய்ந்த செடியின் குச்சி நுனியைக் கண்ணுக்குக் கீழே இருக்கும் பிளவில் நிதானமாக நுழைத்து எடுத்தது. அது போன பிறகு பார்த்தால் நுனியில் கருப்பாகப் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. சுரப்பி நீர். கொஞ்சம் தள்ளிப் பழைய புழுக்கையும் புதுப் புழுக்கையுமாக ஒரு குவியல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு வைக்கும். 'இது என் இடம்' என்று மற்றக் கிடாக்களுக்கு அறிவிப்பு.

இதற்கு வேண்டியது குட்டைப் புல்லும் வெட்டவெளியும். தூரத்தில் வருவதைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற பிராணி. புதர் அடர்ந்தால் புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், இதற்குத் திண்டாட்டம். கட்டடம் வந்தால் வெட்டவெளி போகும் என்பது எல்லாருக்கும் புரிகிறது. காலி இடமெல்லாம் மரம் நட்டாலும் போகும் என்று சொன்னால்தான் ஏதோ பச்சைக்கு விரோதி மாதிரி பார்க்கிறார்கள்!

முன்னாள் மாணவி:

நீங்கள் சொல்வது ஏரிக்கும் பொருந்தும். ஏரி என்றால் கரை வரை தண்ணீர் தளும்ப வேண்டும், அப்போதுதான் அழகு என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி நிற்கும்போது எனக்கும் பிடிக்கும். முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவை மூழ்கி, எதிர்பார்க்காத இடத்தில் எழும். ஆனால் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிகிற நாளில்தான் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் வரும், மடையான் என்கிற குருட்டுக் கொக்கு வரும். ஆழத் தண்ணீரில் அவற்றுக்கு என்ன வேலை?

நான் அதிக நேரம் பார்த்தது பாம்புத்தாரா என்கிற மீன்பிடிப் பறவையை. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. ஒருமுறை மீனை அலகில் குத்தியபடியே எழுந்தது. மீன் குறுக்காக மாட்டியிருந்தது. இரண்டு மூன்று உதறு, மேலே ஒரு சுண்டு, தலைப்பக்கம் முதலில் உள்ளே போகிற மாதிரி பிடித்து விழுங்கியது. வால் பக்கமாக விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையில் நிற்குமே! பிறகு பட்டமரத்தில் ஏறி இறக்கையை விரித்து உட்கார்ந்துவிட்டது. வாத்துக்குப் போல அதன் இறகில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேட்டை.

விடுதிவாசி:

குரங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஜன்னல் கொக்கி போடாமல் வகுப்புக்குப் போனால் மேகி பாக்கெட் அதற்கு, சுத்தம் செய்யும் வேலை நமக்கு. அதுகூடப் பரவாயில்லை. கிழித்த உறையைக் கீழே போட, உப்பு ருசிக்கு அதையும் சேர்த்து மெல்லும் மானைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் வயிற்றில் தங்கிவிட்டால் அசைபோடுகிற பிராணிக்கு அது எமன். ஆகவே கொக்கி போடுங்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இங்கே இருந்தவர்கள் எழுதுங்களேன். மரங்கள் சாய்ந்து வெளிச்சம் விழுந்த இடங்களுக்கு வெளிமான் வந்ததா? அப்படியே, பூங்காப் பக்கமிருந்து நரி ஊளை கேட்டவர்கள் எந்த விடுதி, எத்தனை மணிக்கு என்றும் சொல்லுங்கள். நான் இன்னும் கேட்கவில்லை.