பாதாளத் தவளையும் ஓடை வேலையும் (ஏலத்தோட்டக் குழு, கட்டப்பனை)

செல்வராணி அக்கா: ஏலச்செடிக்குக் குழி எடுக்கையில இது வந்துச்சு. ஊதா நிறம், உருண்டை உடம்பு, மூக்கு நுனி மட்டும் வெளுத்துக் கூர்மையா இருக்கு. தண்ணித் தொட்டியில போட்டிருக்கு. என்னது?

பாண்டி அண்ணன்: பாதாளத் தவளை அக்கா. மலையாளத்துல மாவேலித் தவளைம்பாங்க. முதல்ல தொட்டியிலருந்து எடுங்க. கைய நனைச்சுக்கிட்டுத் தூக்கி, அந்தக் குழிக்குப் பக்கத்துலயே நிழல்ல, பொலபொலன்னு ஈரமா இருக்குற மண்ணுல விடுங்க. பின்னங்கால்ல மண்வெட்டி மாதிரி கெட்டிப் புடைப்பு இருக்கு, பின்பக்கமாத் தோண்டியே உள்ள போயிரும். நீங்க மண்ணள்ளி மூட வேண்டாம்.

மணி: தவளைன்னா தண்ணி வேணுமேண்ணே?

பாண்டி அண்ணன்: வருஷம் பூரா மண்ணுக்குள்ளதான் தம்பி. கரையான்தான் தீனி. முதல் மழை விழுறப்ப முட்டை போட மட்டும் ஓடைக்கு வரும். ஆண் தவளை கரை மண்ணுக்குள்ள இருந்தே கோழி கேறுற மாதிரி கத்தும்.

தேன்மொழி டீச்சர்: 2003-ல பிஜு, ஃபிராங்கி பொசுயிட்னு ரெண்டு தவளை ஆராய்ச்சியாளருங்க இதுக்கு அறிவியல் பேர் வச்சாங்க. நெருங்கின சொந்தம் எல்லாம் இந்தியப் பெருங்கடல்ல இருக்குற செஷல்ஸ் தீவுலதான். அப்புறம் எந்த உயிரினம் அழியுற நிலையில இருக்குன்னு சொல்ற உலக சிவப்புப் பட்டியல்ல அழியும் ஆபத்துள்ள இனம்னு அப்போ சேர்த்தாங்க. 2017-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இன்னொரு இனமும் தெரிஞ்சுது, அது வடகிழக்குப் பருவமழையில முட்டை போடும்.

மணி: நம்ம தோட்டத்துல மண்ணு நிறைய இருக்கே டீச்சர், அப்புறம் என்ன ஆபத்து?

தேன்மொழி டீச்சர்: மண்ணு இருந்தாப் போதாதுப்பா, ஓடையும் வேணும். தலைப்பிரட்டைக்கு வாயே உறிஞ்சி மாதிரி. பாய்ச்சல் தண்ணியில வழுக்குப் பாறைய அதாலதான் பிடிச்சுத் தொங்கி, பாசியச் சுரண்டித் தின்னும். கிட்டத்தட்ட 100 நாள் அப்படியே இருக்கணும். அதுக்குள்ள தடுப்பு கட்டினா தண்ணி தேங்கி, பாறை மேல சேறு படியும். அப்புறம் பிடிமானமும் இல்ல, தீனியும் இல்ல. இந்த இடுக்கி ஜில்லாவுல சில இடத்துல தலைப்பிரட்டைய அள்ளிச் சமைக்கவும் செய்றாங்க.

செல்வராணி அக்கா: தவளைய விட்டாச்சு, உள்ள போயிருச்சு. ஓடைக்கரையில கல்லெடுக்குற வேலை இந்த மே மாசம் வச்சிருந்தோமே?

பாண்டி அண்ணன்: மே வேண்டாம்க்கா. முதல் மழைக்குப் போட்ட முட்டை பாறை இடுக்குலதான் கிடக்கும், கல்லைப் புரட்டினா மொத்தமாப் போயிரும். செப்டம்பர் முடிஞ்சு பார்க்கலாம். மருந்தடிச்ச டேங்கையும் ஓடையில அலச வேண்டாம்னு ஆளுங்ககிட்ட இன்னைக்கே சொல்லிருங்க.